கீரனூருக்கு எது நகரம்?

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தபோது தங்கை மகள் ஒரு கேள்வி கேட்டாள். பழனியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறாள். "மாமா, இங்கிருந்து தினமும் போய்ட்டு வர்ற மாதிரி வேலை இன்னும் அஞ்சு வருஷத்துல என்னென்ன இருக்கும்? அதை வெச்சுத்தான் அடுத்து என்ன கோர்ஸ் படிக்கிறதுன்னு முடிவு பண்ணணும்."

'தினமும் போய்ட்டு வர்ற மாதிரி' என்பது அவளுடைய நிபந்தனை இல்லை, அவள் அப்பாவுடையது. ஹாஸ்டல் கிடையாது, ரூம் எடுத்துத் தங்குவதும் கிடையாது, ராத்திரி எட்டு மணிக்குள் வீட்டில் இருக்கணும். அதைப் பற்றி மாப்பிள்ளையிடம் நான் பேசிப் பார்த்தது தனிக்கதை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நமக்கு எக்செல் கையில் இருந்தால் போதுமே. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து திண்டுக்கல் மாவட்டத்தின் தொழில்களை எல்லாம் ஒரு ஷீட்டில் இறக்கினேன். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகள், திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகள், நத்தம் சட்டைத் தையல், சின்னாளபட்டி சுங்குடி, நிலக்கோட்டை பூ, ஒட்டன்சத்திரம் காய்கறி. எது வளரும், எது தேயும் என்று பச்சை, சிவப்பு கலரும் அடித்துக் காலையில் பெருமையாகக் காட்டினேன்.

அவள் இரண்டு நிமிஷம் பார்த்தாள். "மாமா, இது திண்டுக்கல்லுக்குச் சரி. நான் கீரனூருக்குக் கேட்டேன்."

அந்த ஷீட்டில் இருந்த வேலைகளில் பாதிக்கு மேல் அவளால் தினமும் போய்வர முடியாத இடங்களில் இருந்தன. போய்வர முடிகிற தாராபுரமும் உடுமலையும் ஷீட்டிலேயே இல்லை. ஏனென்றால் அவை வேறு மாவட்டம். இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன், கேள்வியையே தப்பாகப் புரிந்துகொண்டு விடை எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் சில மாசம் கிடைத்த நேரத்தில் தேடிப் பார்த்ததன் குறிப்புகள்தான் இது.

ஊர் தெரியாதவர்களுக்கு: கீரனூர் என்றதும் புதுக்கோட்டை கீரனூரா என்பார்கள். அது இல்லை, இது பழனி வட்டத்துக் கீரனூர். எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜாவின் கீரனூர் என்றால் வாசிக்கிற நண்பர்களுக்குப் புரியும். பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கும் பேரூராட்சி. மாவட்டத்தின் வடமேற்கு மூலை, கொஞ்ச தூரம் போனால் திருப்பூர் மாவட்டம் ஆரம்பித்துவிடும்.

மெட்ரோ என்றால் ரயில் இல்லை

அமெரிக்காவில் ஒரு ஊரின் வேலைவாய்ப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால், அந்த ஊரின் எல்லைக்குள் மட்டும் பார்க்க மாட்டார்கள். 'மெட்ரோ ஏரியா' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குறைந்தது 50,000 பேர் வாழும் ஒரு நகர்ப்புறம் நடுவில் இருக்கணும். சுற்றியுள்ள ஒரு கவுன்ட்டியில் வேலை பார்ப்பவர்களில் 25 சதவீதம் பேர் அந்த மையத்துக்குப் போய்வந்தால், அந்த கவுன்ட்டியும் அதே மெட்ரோவில் சேர்த்தி. ஐரோப்பிய நாடுகளும் ஓ.இ.சி.டி. அமைப்பும் 15 சதவீதம் என்று வைத்திருக்கின்றன. எண்கள் வேறு, அடிப்படை ஒன்றுதான். மனுஷன் தூங்குகிற இடமும் வேலை செய்கிற இடமும் ஒரே பொருளாதாரமாகப் பார்க்கப்படுகிறது. அப்படிப்பட்ட ஒவ்வொரு மெட்ரோவுக்கும் மாசாமாசம் வேலைக் கணக்கும் வெளியிடுகிறார்கள்.

நம் ஊரில் இதற்கு நேரான சொல்லே இல்லை. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 'பெருநகரப் பகுதி' என்று ஒன்றைச் சொல்கிறது, ஆனால் அதற்கு அளவுகோல் போய்வருதல் இல்லை, 10 லட்சம் மக்கள்தொகை. சென்சஸ் 'நகர்ப்புறத் திரள்' என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதற்கு ஊரோடு ஊர் ஒட்டியிருக்கணும். நடுவில் பத்து கிலோமீட்டர் தென்னந்தோப்பு இருந்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம், தோப்பைத் தாண்டி தினமும் ஆயிரம் பேர் போய்வந்தாலும் சரி. 2011 கணக்கில் தமிழ்நாட்டில் 10 லட்சத்தைத் தாண்டிய திரள்கள் நான்குதான்: சென்னை, கோவை, மதுரை, திருச்சி. திருப்பூர் 9,63,173-ல் நின்றது. சுமார் 37 ஆயிரம் பேர் குறைந்ததால் அது கணக்குப்படி சின்ன ஊர். அந்த வருஷம் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நின்றவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆக கீரனூர் எந்தத் திரளிலும் இல்லை. அதற்கு ஒரு மாவட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த மாவட்டமும் நிலையான பொருள் இல்லை. 1985 செப்டம்பர் வரைக்கும் பழனி வட்டம் மதுரை மாவட்டம். பக்கத்தில் இருக்கும் தாராபுரம் கோவையில் இருந்து ஈரோட்டுக்குப் போய், 2009-ல் திருப்பூர் மாவட்டத்துக்கு வந்தது. உடுமலை கோவையில் இருந்து அதே 2009-ல் திருப்பூருக்கு வந்தது. கோடுகள் கலெக்டர் ஆபீஸ் வசதிக்குப் போடப்பட்டவை. சம்பளம் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று 2011 சென்சஸில் கேட்டார்கள். விவசாயத்திலும் வீட்டுத்தொழிலிலும் இல்லாதவர்களிடம் மட்டும் கேட்ட கேள்வி. ஆனால் எவ்வளவு தூரம் என்று பதிவான அளவுக்கு, எந்த ஊருக்கு என்பது பதிவாகவில்லை. இருபது கிலோமீட்டர் போகிறார் என்று தெரிந்தால் போதுமா? வடக்கேயா தெற்கேயா என்று தெரிய வேண்டாமா? அடுத்த சென்சஸ் 2021-ல் நடக்கவில்லை, இப்போது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். நம் ஊரின் வேலை வரைபடத்தைப் பதினைந்து வருஷப் பழைய கணக்கை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

காலை பஸ்

டேட்டா இல்லாத இடத்தில் என்ன செய்வது? ரோட்டுக்குப் போவதுதான். அடுத்த முறை ஊருக்குப் போனபோது இரண்டு நாள் காலையில் ஐந்தரை மணியிலிருந்து மெயின் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். கம்பெனி வேன், மில் பஸ், டவுன் பஸ், எது எந்தப் பக்கம் போகிறது, யார் ஏறுகிறார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்தேன். (டீக்கடைக்காரர் என்னை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார். மூணாவது டீக்கு அப்புறம்தான் கேட்டார்.) இரண்டு நாள் எண்ணியது இரண்டு நாள் கணக்குதான், அதனால் எண்ணிக்கையை இங்கே போடவில்லை. ஆனால் திசை தெளிவாகத் தெரிந்தது.

கூட்டமாகப் பெண்கள் ஏறிய வண்டிகள் வடக்கே, தாராபுரம் பக்கம் போயின. பனியன் கம்பெனி, மில். தெற்கே பழனிக்குப் போனவர்களில் கடை, ஆஸ்பத்திரி, லாட்ஜ், ஸ்கூல் வேலைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள். மேற்கே உடுமலை, மடத்துக்குளம் பக்கம் பைக்கில் ஆண்கள். திண்டுக்கல் பஸ் ஏறியவர்கள் பெரும்பாலும் கையில் ஃபைல் வைத்திருந்தார்கள், அதாவது ஏதாவது ஆபீஸ் வேலையாகப் போகிறவர்கள். நம் மாவட்டத் தலைநகரம் எங்கள் ஊருக்கு மனு கொடுக்கிற ஊர். சம்பளம் வாங்குகிற ஊர் வேறு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நகரத்தின் எல்லை ஒன்றில்லை. என் பழைய பள்ளித் தோழன் ஒருவன் பைக்கில் வாரம் ஆறு நாள் பல்லடம் வரை போய்வருகிறான். அவன் மனைவிக்கு வேலை வாசலுக்கு வருகிற வேன் எதுவரை போகிறதோ அதுவரைதான். ஒரே வீடு, இரண்டு மெட்ரோ ஏரியா. அமெரிக்கக் கணக்கில் இப்படி ஒரு பத்தி கிடையாது. எங்கள் ஊருக்கு அது இல்லாமல் எந்தக் கணிப்பும் செல்லாது. தங்கை மகளின் கேள்வியில் இருந்த அந்தப் 'போய்ட்டு வர்ற' என்ற சொல் எவ்வளவு கனமானது என்று எனக்கு அங்கே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

வெளியிலிருந்து வரும் பணம்

ஒரு வட்டாரத்தின் வேலை எப்படி வளரும் என்று யோசிக்க ஒரு பழைய, எளிய சட்டகம் இருக்கிறது. வேலைகளை இரண்டாகப் பிரிக்கணும். ஒன்று வெளியூரிலிருந்து பணத்தைக் கொண்டுவருவது: பனியன், நூல், தேங்காய், கோழி, கோயிலுக்கு வரும் கூட்டம். இன்னொன்று அந்தப் பணம் ஊருக்குள் சுற்றுவதால் உண்டாவது: மளிகைக்கடை, சலூன், செல்போன் கடை, நர்சரி ஸ்கூல். முதலாவது நின்றால் இரண்டாவதும் மெதுவாகக் காயும். என்ரிகோ மொரெட்டி என்ற பொருளியலாளர் 2010-ல் அமெரிக்க நகரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். வெளிச்சந்தைக்கு உற்பத்தி செய்யும் ஒரு வேலை கூடினால், உள்ளூரில் சராசரியாக 1.6 வேலை கூடுகிறது என்று வந்தது. அந்த எண்ணை அப்படியே கீரனூரில் போட முடியாது, ஆனால் திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் தள்ளிப்போனால் ஞாயிற்றுக்கிழமை இங்கே கறிக்கடையில் தெரியும் என்பதை எங்கள் ஊரில் யாரும் நிரூபிக்கக் கேட்க மாட்டார்கள்.

எந்தத் தொழில் ஒரு ஊருக்கு அடிப்படை என்று கண்டுபிடிக்கவும் ஒரு சின்ன வகுத்தல் போதும். உதாரணத்துக்கு, ஒரு ஊரில் நூறு வேலையில் நாற்பது துணி சார்ந்தது, மாநிலம் முழுக்க நூறுக்குப் பத்துதான் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதைப் பத்தால் வகுத்தால் நான்கு. ஒன்றுக்கு மேல் எவ்வளவு தூரம் போகிறதோ, அந்த அளவுக்கு அந்த ஊர் அந்தத் தொழிலை நம்பி இருக்கிறது. அது பலமும்தான், ஆபத்தும்தான்.

எங்கள் வடக்குத் திசை முழுக்க அப்படித்தான் இருக்கிறது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25-ல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறியது. அதற்கு ஒரு மாசம் முன்னால்தான், ஜூலை 24-ல், பிரிட்டனோடு வரியில்லா ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு கதவு சாத்தும்போது இன்னொன்று திறக்கிற மாதிரி. ஆனால் இரண்டு கதவுக்கும் சாவி திருப்பூரில் இல்லை. வரி எண் ஏறும், இறங்கும், இதை நீங்கள் படிக்கும்போது வேறாகவும் இருக்கலாம். நான் கவனிக்கச் சொல்வது அது தொழிலாளியிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதை. வேலை போவது கடைசியில்தான் நடக்கும். முதலில் ஒண்ணரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் குறையும். அதற்கப்புறம்தான் 'ஆர்டர் வந்ததும் கூப்பிடறோம்' என்பார்கள். புள்ளிவிவரத்தில் அந்தப் பெண் கடைசிவரை வேலையில் இருப்பவள்தான்.

திருப்பூர் இதற்கு முன்னாலும் அடி வாங்கியிருக்கிறது. நொய்யல் மாசுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்பது நிபந்தனை. பலர் கடையைக் கட்டினார்கள், மிச்சம் பேர் சுத்திகரிப்புக்குப் பணம் போட்டு மறுபடி எழுந்தார்கள். அந்த ஊரின் முதலாளிகளில் கணிசமானவர்கள் ஒரு காலத்தில் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து அதே தொழிலில் கூலிக்கு நின்றவர்கள் என்று ஷரத் சாரி 2004-ல் வந்த தன் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த மாதிரி ஊர் எளிதில் விழாது என்பது என் நம்பிக்கை. ஆனால் விழாத ஊரிலும் யார் முதலில் வெளியே நிறுத்தப்படுவார்கள் என்று ஒரு வரிசை உண்டு. ஆள் பற்றாக்குறையால் கம்பெனிகள் ஆளைத் தேடி தாராபுரம், காங்கயம், உடுமலை, பழனி என்று கிளை பரப்பின. வாடகை ஷெட், கொண்டுவந்து இறக்கிய மெஷின். ஆர்டர் குறைந்தால் முதலில் சுருட்டப்படுவது தலைமை ஃபேக்டரியா, இந்தக் கிளையா? கிளைதான் என்பது என் ஊகம். கீரனூர் பெண்கள் வேலை செய்வது அந்தக் கிளைகளில்.

திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளையும் சொல்லணும். பருத்தி விலைதான் அவர்களுக்கு உயிர். 2021 பிப்ரவரியில் இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீத வரி வந்தது, 2022-ல் சில மாசம் விலக்கினார்கள், மறுபடி வந்தது, 2025 ஆகஸ்டில் டிசம்பர் வரை என்று மறுபடி விலக்கினார்கள். இந்த ஆட்டத்தில் ஒரு மில் ஐந்து வருஷத்துக்கு ஆள் எடுப்பதைத் திட்டமிடுவது கஷ்டம். இன்னொரு பக்கம், 'சுமங்கலி திட்டம்' என்ற பெயரில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி இளம்பெண்களை மில் ஹாஸ்டலில் வருஷக்கணக்காக வைத்திருந்த பழக்கம். 2011-ல் நெதர்லாந்து அமைப்புகளின் அறிக்கைக்குப் பிறகு உலகத்துக்கே தெரிந்த விஷயம். ஹாஸ்டல் என்றாலே எங்கள் பக்கத்துப் பெற்றோர் முகம் மாறுவதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

2021 ஜனவரியில், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமாகத் திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்த ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். 2022 ஏப்ரலில், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. துணி வாங்கும் எச் அண்ட் எம் மாதிரி பெரிய பிராண்டுகளும் கையெழுத்திட்டன. ஆலைக்குள் பாலியல் தொந்தரவைத் தடுக்கவும், தொழிலாளர்களே கண்காணிக்கவும் ஏற்பாடு. உலகம் முழுக்க அதை 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றுதான் சொல்கிறார்கள். வேலைவாய்ப்புக் கணிப்புகளில் இப்படிப்பட்டதை யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு இது நேரடியான பொருளாதாரக் காரணியாகவே தெரிகிறது. மேற்பார்வையாளரைப் பற்றி நம்பிக்கை இருந்தால் ஒரு அப்பா மகளை இன்னும் இருபது கிலோமீட்டர் தூரம் அனுப்புவார். அப்போது அவளுடைய நகரம் அத்தனை பெரிசாகும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே வருஷம். பஞ்சாமிர்தத்துக்குக் கூட்டம் தானாக வருகிறது, பூட்டுக்கு வரவில்லை. குறியீடு பெயரைக் காப்பாற்றும், பட்டறையைக் காப்பாற்றாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, தாராபுரம் பக்கம் நட்ட காற்றாலைகளில் கோடிக்கணக்கான முதலீடு நிற்கிறது. நட்டபோது வேலை இருந்தது, நட்டு முடித்த பிறகு பராமரிப்புக்குச் சில பேர் போதும். முதலீடு என்று பேப்பரில் வரும் எண்ணை வேலை என்று படிக்கக்கூடாது என்பதற்கு எங்கள் வானத்திலேயே உதாரணம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கு எதிர்ப்பதம் உடுமலை. 1984-ல் அங்கே சின்னதாக ஆரம்பித்த சுகுணா, கம்பெனியே குஞ்சும் தீவனமும் கொடுத்து விவசாயி வளர்த்துக் கொடுக்கும் முறையைப் பரப்பியது. இன்று எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கோழி ஷெட். ஷெட்டுக்கு வாங்கிய கடன் விவசாயி பேரில், கோழி கம்பெனி பேரில் என்று ஒரு குறை உண்டு, நியாயமான குறைதான். ஆனால் ஊரிலேயே இருந்து சம்பாதிக்க வழிசெய்த தொழில் அது.

ரயில்? ஈரோடு–பழனி பாதை, தாராபுரம் காங்கயம் வழியாக, 2008-09 ரயில்வே பட்ஜெட்டில் வந்தது. தண்டவாளம் வரவில்லை. நான் இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் ரத்தக்கொதிப்பு வரும்.

ஆள் தேவை, வேலை இல்லை

எங்கள் ஊரில் ஒரே சுவரில் இரண்டு நோட்டீஸ் பார்க்கலாம். 'ஓவர்லாக், பேட்லாக் டைலர்கள், செக்கிங் பெண்கள் தேவை, வண்டி வசதி உண்டு.' அதற்குப் பக்கத்தில் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சென்டர் விளம்பரம். ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி புலம்புகிறது, வேலை கிடைக்கவில்லை என்று பட்டதாரி புலம்புகிறார். இரண்டும் உண்மை.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2005-06 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பிலேயே 1.8-க்கு வந்துவிட்டது. மக்கள்தொகை நிலைத்து நிற்க 2.1 வேணும். அந்த வருஷம் பிறந்தவர்கள்தான் இப்போது வேலைக்கு வருகிறவர்கள், தங்கை மகள் உட்பட. இனி ஒவ்வொரு வருஷமும் வேலை தேடி வருகிற உள்ளூர்ப் பிள்ளைகள் குறையத்தான் போகிறார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி முடித்திருப்பார்கள். 2021-22 கணக்குப்படி கல்லூரி வயதினரில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில். அவர்கள் ஓவர்லாக்கில் உட்காரப் போவதில்லை. அதனால்தான் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் வருகிறார்கள். ஆக 'வேலை வளருமா' என்ற கேள்விக்கு எங்கள் வட்டாரத்தில் பதில்: வளரும், ஆனால் வளர்கிற வேலையும் படிக்கிற பிள்ளையும் சந்திக்கிற இடம் ரொம்பச் சின்னது.

அரசுக் கணக்கில் இது தெரியுமா? தொழிலாளர் கணக்கெடுப்பை 2025 ஜனவரி முதல் மாற்றியமைத்து மாசாமாசம் வெளியிடுகிறார்கள், மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் முந்தின ஏழு நாளில் ஒரு மணிநேரம் வேலை செய்திருந்தாலும் அந்த வாரம் வேலையில் இருந்தவர் என்பதுதான் வாரக் கணக்கின் விதி. வீட்டுக் கடையில் சம்பளமில்லாமல் உதவி செய்தாலும் வேலைதான். பட்டப்படிப்பு முடித்து அப்பா கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கணக்கில் வேலையில்லாதவர் இல்லை. அலகு மாவட்டம் என்பதும் நம் பழைய பிரச்சினை. தாராபுரத்தில் ஷிப்ட் குறைந்தால் அது திண்டுக்கல் எண்ணாகவும் கொஞ்சம் மாறும், ஏன் மாறியது என்று திண்டுக்கல்லில் தேடினால் கிடைக்காது.

பேரூராட்சி என்பதால் இன்னொரு சிக்கல். நூறு நாள் வேலை கிராமப்புறத்துக்கானது. பக்கத்துக் கிராம ஊராட்சியில் வேலை குறைந்த மாசம் பிடித்துக்கொள்ள அந்தக் கயிறு இருந்தது, கீரனூருக்குள் இருக்கும் கூலிக்காரருக்கு இல்லை. கணக்கில் நாங்கள் நகரம். நகரத்தின் வேலைதான் இங்கே இல்லை.

கடைசியில் அவளுக்குச் சொன்னது

புது ஷீட்டில் மாவட்டம் என்ற பத்தியையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக 'காலை எத்தனை மணி பஸ், சாயங்காலம் எத்தனை மணிக்குத் திரும்பலாம்' என்று இரண்டு பத்தி. கோவை அதில் வரவே இல்லை, போகவர ஐந்தாறு மணிநேரம் ஆகும். ஐ.டி. வேலைக்கு வீட்டிலிருந்தே செய்யலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். 2020-லிருந்து ஒன்றரை வருஷம் நானே கீரனூர் மாடியில் உட்கார்ந்து வேலை செய்தேன், பிரமாதமாக நடந்தது. ஆனால் என் டீமில் புதுசாகச் சேருபவரை வீட்டிலிருந்து வேலை பார்க்க விட ஒப்புக்கொண்ட மேனேஜரை நான் இன்னும் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மிச்சமிருந்ததில் எனக்கே ஆச்சரியம் தந்த வரி ஆடிட்டர் ஆபீஸ். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு அரிசி மண்டி, கொப்பரைக் களம், ஜாப் ஒர்க் பனியன் யூனிட் எல்லோரும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். அதைப் போட்டுத்தர தாராபுரம், உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம் எல்லா ஊரிலும் மாடிப்படிக்கு மேல் ஒரு ஆபீஸ், உள்ளே நாலைந்து கம்ப்யூட்டர், பெரும்பாலும் பெண்கள். எந்தத் தொழில் கொள்கையிலும் யாரும் திட்டமிடாத வேலை. அமெரிக்க வரியில் பனியன் படுத்தாலும் கொப்பரைக்காரர் ரிட்டர்ன் போடுவார். அதற்கு அடுத்த வரி, கிளைகளுக்கு வந்த பனியன் கம்பெனிகளில் கணக்கு, டாக்குமென்ட் வேலை. அது கிளையோடு வரும், கிளையோடு போகும். அப்புறம் கோழிக் கம்பெனி ஆபீஸ், ஆஸ்பத்திரி பில்லிங். சம்பளம் எல்லாவற்றிலும் குறைவு. அதையும் தனிப் பத்தியாகப் போட்டேன், மாப்பிள்ளை படிக்கட்டும் என்றுதான்.

அவர் படித்தார். ரொம்ப நேரம் அந்தச் சம்பளப் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு மணிங்கிறதை ஒன்பதுன்னு வெச்சா எத்தனை வரி கூடும், மச்சான்?" என்றார். போட்டுக் காட்டினேன். திருப்பூர் தெற்கு ஓரம் வரை உள்ளே வந்தது, வரிகள் ஏறக்குறைய இரண்டு மடங்காயின. அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போதைக்கு அவள் தாராபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்திருக்கிறாள், சாயங்காலம் டேலி கிளாஸ். கிளாஸ் முடிந்து பஸ் பிடித்தால் வீட்டுக்கு எட்டு இருபது. இதுவரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த பஸ்ஸின் நேரத்தை மாற்றப்போகிறார்கள் என்று போன வாரம் போனில் சொன்னாள். எத்தனை மணிக்கு என்று தெரிந்ததும் ஷீட்டில் திருத்தணும்.